நான் எழுதாமல் விட்ட ‘இல்லையென்றால்’

அன்புள்ள நாச்சியப்பா,

கல்யாணம் நிச்சயமான பிள்ளைக்குப் புத்தி சொல்லிக் கடிதம் எழுதுவது பெற்றவர்களுக்கு உள்ள உரிமை. அதைப் படிக்காமல் இருப்பது பிள்ளைகளுக்கு உள்ள உரிமை. இரண்டையும் மதிக்கிறவள் நான். ஆனாலும் இதில் புத்திமதி குறைவு, பிழைதிருத்தம்தான் அதிகம். பிழையும் என்னுடையது. மற்றவர்கள் புரோகிராமில் எழுதிவைத்த பிழைகளைத் திருத்துவதற்குத்தான் பெங்களூரில் உனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதால், தொழில் ஆர்வத்திலாவது கடைசிவரை படிப்பாய் என்று நம்புகிறேன்.

உனக்கு மட்டும் அனுப்பாமல் நாலு பேர் படிக்கிறபடி இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. வெளியில் தெரிய வேண்டாம் என்று உள்ளுக்குள்ளேயே எழுதிவைத்ததால் வந்த வினை இது. ஆகவே மற்றவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உன்னைப் பெற்றது நான். கண்டனூரில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டில் மூன்று பங்கு. எங்களுடையது சின்னப் பங்கு. இரண்டு பையன்கள், நீ இளையவன். பெரிய பங்கில் பிள்ளையில்லை. உனக்கு ஏழு வயதானபோது, பங்காளிகள் எல்லோரும் கூடியிருக்க, எழுத்துமூலமாக உன்னைப் பெரிய பங்குக்குப் பிள்ளையாகக் கொடுத்தோம். எங்கள் பக்கத்தில் இது புதிதுமில்லை, ரகசியமுமில்லை. அன்று மாலையிலிருந்து அவர்கள்தான் உனக்குத் தகப்பனாரும் தாயாரும்: அப்பச்சி, ஆத்தா. அதுவரை ஆத்தாவாக இருந்த நான் சின்னாத்தா ஆனேன். செக்காலையில் நாங்கள் குடியிருந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே தெருதான். ஆட்டோக்காரர்கள் அந்தத் தூரத்துக்கு வரமாட்டார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் உன் ஆத்தா போன் செய்தார். நலம் விசாரிக்கவில்லை. நேராக, “பிள்ளை செக்காலையில கல்யாண மண்டபம் பாக்குறானாம்” என்றார். கண்டனூர் வீடு இருக்கும்போது மண்டபம் எதற்கு என்று கேட்டேன். “வீட்டைக் கேட்டுப் பாத்துட்டானாம். வீடு அவனைத் தெரியாதுங்குதாம்” என்றார். வீடு பேசாது. வீட்டுக்காகப் பேசுவது ஒரு புரோகிராம். அதை எழுதியது யார் என்பது உன் ஆத்தாவுக்கும் தெரியும்.

அது எப்படி வந்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. நீ பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாய். கண்டனூர் வீட்டில் ஆண்டு முழுக்க யாரும் குடியில்லை. கல்யாணம், முன்னோர்களுக்குப் படைப்பு, மணிவிழா என்றால்தான் மனிதர்கள் போவார்கள். அதிலும் யார் எந்தத் தேதிக்குப் போவது என்பதில் சண்டை. வீட்டு நிர்வாகம் பார்க்கும் நடுப் பங்குச் சோமு சித்தப்பா என்னிடம் வந்து, “ஆச்சி, நீங்க கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்குறவுக. மனுசன் சொன்னாத்தானே கோவம் வருது, மிசினு சொன்னா யாரு கோவிச்சுக்கப் போறா?” என்றார். அப்போது நான் பாலிடெக்னிக்கில் வேலை பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எழுதி முடித்தேன். மூன்றே கேள்விகள். தேதி காலியா? கேட்பவர் வீட்டாரா? என்ன விசேஷம்? ஒரு பக்கத்தில் அடங்கியது. அதைப் போல அழகாக நான் பிறகு எதையும் எழுதவில்லை.

அதற்குப் பின் மனிதர்கள் வந்தார்கள். ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம் வந்தால் மூத்த பங்குக்கு முதலிடம் என்றார்கள். சரி, ஓர் ‘அப்படியானால்’. மூத்த பங்கில் மணிவிழாவும் இளைய பங்கில் கல்யாணமும் வந்தால் என்ன செய்வது? அதற்குள் இன்னொன்று. ஒரு கல்யாணத்தில் ஒரு சமையற்காரர் இரண்டாம் கட்டுச் சுவரைக் கரியாக்கிவிட்டுப் போனார். அவரைக் கூட்டிவந்தால் கொல்லையில்தான் அடுப்பு என்று அதற்குள் இன்னொன்று. இதற்கிடையே ஒரு சினிமாக் கம்பெனி விண்ணப்பித்தது. என் புரோகிராம் விசேஷம் என்ன என்று கேட்டது, கல்யாணம் என்றார்கள். மணமகள் உண்டா, உண்டு. மணமகன் உண்டா, உண்டு. பந்தி உண்டா, அதுவும் உண்டு. யார் மூலமாக என்று கேட்டதற்கு யாரோ ஒரு பங்காளியின் பெயரைப் போட்டிருந்தார்கள். வீடு கிடைத்துவிட்டது. அதே மணமகளுக்கு நான்கு நாளில் ஆறு தடவை தாலி கட்டிய பிறகுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. உடனே, எந்தக் கேள்வியிலும் பிடிபடாதவர்கள் எல்லோருக்கும் கடைசியில் போய்ச்சேரும்படி ஒரு வரி எழுதினேன்: ‘தாங்கள் இந்த வீட்டைச் சேர்ந்தவர் அல்லர்.’ சோமு சித்தப்பாவுக்கு அந்த வரி மிகவும் பிடித்துப்போயிற்று.

ஒவ்வொரு முறையும் அவர் சொன்னது ஒன்றுதான். “புதுசா ஒண்ணும் வேணாம், ஆச்சி. உள்ளதுக்கு உள்ளேயே ஒண்ணு போட்டு விட்டுருங்க. வெளிய தெரிய வேணாம்.” எனக்கும் அதில் மறுப்பில்லை. முப்பது வருடம் அதைத்தானே நடத்தினேன்? ‘நெஸ்ட்டட் இஃப் என்றால் என்ன? தகுந்த உதாரணத்துடன் விளக்குக. பத்து மதிப்பெண்.’ கேள்விக்குள் கேள்வி, அதற்குள் இன்னொரு கேள்வி. எவன் அதிக ஆழம் போகிறானோ அவனுக்கு அதிக மதிப்பெண் போட்டேன். அந்தப் பிள்ளைகள் இன்று எந்தெந்தக் கம்பெனிகளில் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறார்களோ, தெரியவில்லை. மேலே வரத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. பாடத்திட்டத்தில் அது இல்லை.

உன் ஆத்தா போனை வைத்ததும் அந்தப் புரோகிராமை எடுத்துப் பார்த்தேன். பதினோரு படி ஆழம். திரையின் இடது ஓரத்தில், கண்டனூரில், தொடங்கும் வரி, உள்ளே போகப்போக வலது பக்கம் தள்ளித்தள்ளிக் கடைசியில் பல மைல் தள்ளியிருக்கும் மானகிரியைத் தொட்டுக்கொண்டிருந்தது. முடிவில் பதினோரு அடைப்புக்குறிகள், கல்யாண வீட்டு வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகள் மாதிரி. எது யாருடையது என்று சொல்ல முடியாது. ஒரு வரியைப் புரிந்துகொள்ள அதற்கு மேலே உள்ள பத்துக் கேள்விகளுக்கும் என்ன பதில் சொன்னோம் என்று மனத்தில் வைத்திருக்க வேண்டும். மனிதர்களால் அது முடியாது என்பதை வகுப்பில் சொல்லியிருக்கலாம். சொன்னால் பத்து மதிப்பெண்ணுக்கு வேறு கேள்வி தேட வேண்டியிருக்கும்.

உன் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன். தேதி காலி. கல்யாணம்தான், சினிமா இல்லை. தீட்டு எதுவும் இல்லை. பிறகு, சின்னப் பங்கில் பிறந்தவரா? ஆம். பிள்ளையாகக் கொடுக்கப்பட்டவரா? ஆம். அப்படியானால் சின்னப் பங்கில் இடமில்லை, பெரிய பங்குப் பக்கம் போகவும். போனேன். பிள்ளையாக வந்தவரா? ஆம். பிள்ளையாகக் கூட்டிக்கொண்ட தகப்பனார் இருக்கிறாரா? இருக்கிறார் என்றால், அவர் சம்மதித்தால் வீடு உண்டு. இல்லையென்றால்...

இல்லையென்றால் என்ன என்று நான் எழுதவே இல்லை. அந்த இடம் வெறுமையாக இருந்தது. உன் அப்பச்சி தவறி நான்கு வருடமாகிறது. அந்த வெறுமையில் விழுந்த நீ, ஒவ்வொரு அடைப்புக்குறியாகத் தாண்டி வெளியே வந்து, சினிமாக் கம்பெனிக்காக நான் எழுதிய வரியில் போய் நின்றிருக்கிறாய். உன் அண்ணன் கல்யாணத்துக்கு ஒரு நொடியில் வீடு கொடுத்த புரோகிராம், உனக்கும் ஒரு நொடியில்தான் பதில் சொல்லியிருக்கிறது.

இதில் என்னை உறுத்தியது புரோகிராமின் பதில் இல்லை. நீ சண்டை போடவில்லை என்பதுதான். தினமும் பிழை தேடுவதே தொழிலாக உள்ளவன், இதைப் பார்த்து ‘எங்கேயோ தப்பு இருக்கிறது’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்தது சரியான பதில்தான் என்று நினைத்துவிட்டாய். பேசாமல் மண்டபம் பார்க்கக் கிளம்பிவிட்டாய். அப்படி நினைக்க உனக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று யோசித்தேன். வேறு யாரையும் குற்றம் சொல்ல வழி கிடைக்கவில்லை.

உன்னைக் கொடுத்த அன்று மாலை, பள்ளிக்கூடப் பையோடு வாசலில் நின்றுகொண்டு நீ ஒன்று கேட்டாய். “நான் இனிமே எந்த வீட்டுல இருக்கணும்?” நாலு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது எனக்கு இன்னும் வரிவரியாக நினைவிருக்கிறது. “அங்குட்டு இரு. வெள்ளிக்கெழமை இங்க வா. பரீட்சை இருந்தா வேணாம். பரீட்சை இருந்து காய்ச்சலும் இருந்தா வா. ஆனா அவுக கோவிச்சுக்கிட்டா வராத.” ஏழு வயதுப் பிள்ளை தலையை ஆட்டியது. நான் எழுதிய முதல் நெஸ்ட்டட் இஃப் அதுதான். நீ அதை ஒரு தவறும் இல்லாமல் வருடக்கணக்கில் நடத்திக்காட்டினாய். பரீட்சையும் காய்ச்சலும் சேர்ந்து வந்த ஒரு வெள்ளிக்கிழமை, கம்பளியைப் போர்த்திக்கொண்டு நீயாகத் தெருவைத் தாண்டி வந்தாய். எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கப்பட்டிருக்க வேண்டும்.

சரி, அந்த ‘இல்லையென்றால்’ ஏன் விட்டுப்போனது? என்னிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. எழுதிய அன்று உன் அப்பச்சி நன்றாக இருந்தார். அடுத்த அறையில் உட்கார்ந்து காபி கேட்டுக்கொண்டிருந்தார். இருக்கிற மனிதருக்கு ‘அவர் இல்லையென்றால்’ என்று கையால் எழுதுவது அமங்கலம் என்று தோன்றியது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தாண்டிப்போனேன். இயற்பியலில் பட்டம், கம்ப்யூட்டரில் மேற்பட்டம், முப்பது வருட அனுபவம். சகுனம் பார்த்து எல்ஸை, அந்த ‘இல்லையென்றாலை’, விட்டவள் இந்தத் தமிழ்நாட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆனால் அது பாதிக் காரணம். மீதியை இந்த மூன்று வாரத்தில்தான் கண்டுபிடித்தேன். அங்கே எழுத வேண்டியிருந்த பதில் ‘அப்போதும் பெரிய பங்கைச் சேர்ந்தவர்’ என்பது. அதை எழுதினால் கணக்கு முடிந்துவிடும். எழுதாமல் விட்டால், யாருக்குத் தெரியும், பங்காளிகள் கூடிப் பேசி என்றாவது உன்னைச் சின்னப் பங்குக்கே திருப்பி அனுப்பலாம். எட்டாவது படிக்கு அடியில், யாரும் படிக்காத இடத்தில், உனக்காக ஒரு கதவைத் திறந்து வைத்திருப்பதாக எண்ணிக்கொண்டிருந்தேன். நான் வைத்திருந்தது ஒரு குழி. ஆழமாக எழுதுவதில் உள்ள பெரிய வசதி இதுதான், நாச்சியப்பா. வாய்விட்டுச் சொல்ல முடியாததை எல்லாம் அங்கே போட்டுவைக்கலாம்.

ஆகவே எல்லாவற்றையும் மேலே கொண்டுவந்தேன். உனக்குத் தெரிந்த வேலைதான். எனக்கு அறுபத்திரண்டு வயதில் புதிது. வேண்டாம் என்று சொல்லப்போகிற ஒருவரை நான் இதுவரை முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, சமையற்கட்டு என்று வீடு முழுக்கக் கூட்டிப்போய்க் கொல்லைக் கதவருகே நிறுத்தி, ‘அன்றைக்குத் தேதி காலி இல்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது வாசலிலேயே சொல்லிவிடுகிறேன். தேதி காலி இல்லையா, இல்லை என்று சொல்லி முடி. சினிமாவா, முடி. தீட்டா, முடி. ஒவ்வொரு மறுப்புக்கும் ஒரே வரி, காரணமும் அதிலேயே. அதன் பிறகு உள்ளே வருகிறவர் எந்தத் தடையும் இல்லாமல் நேராக நடக்கலாம். அதைச் செய்யும்போதே பாதிக் கண்டிஷன்கள் தாமாக உதிர்ந்தன. சுவரைக் கரியாக்கிய சமையற்காரர் தொழிலை விட்டுப் பல வருடம் ஆயிற்று. அவருக்கான கண்டிஷன் மட்டும் தவறாமல் வேலைக்கு வந்துகொண்டிருந்தது. இரண்டு கல்யாணம் ஒரே நாளில் வருவதற்கு மூன்று பங்கிலும் சேர்த்து இனி அத்தனை பிள்ளைகள் இல்லை. நூற்றுக்கு மேற்பட்ட வரிகள் இருபதாயின.

போன ஞாயிற்றுக்கிழமை கண்டனூர் வீட்டில் அந்த இருபது வரிகளை வாசித்துக் காட்டினேன். உன் ஆத்தா இருந்தார், சோமு சித்தப்பா இருந்தார். சித்தப்பா முகத்தில் திருப்தி இல்லை. “இம்புட்டுத்தானா, ஆச்சி? பன்னண்டு வருசமா நாம பேசுனதெல்லாம் எங்குட்டுப் போச்சு?” என்றார். போகட்டும் என்றுதான் எழுதினேன் என்றேன். காகிதத்தை வாங்கி மறுபடி பார்த்தார்.

“நாச்சியப்பன் பெரிய பங்கா, சின்னப் பங்கா? அதைக் கேக்கவே இல்லையே?”

“பெரிய பங்குன்னா அவனுக்கு வீடு உண்டா, தம்பி?”

“உண்டு.”

“சின்னப் பங்குன்னா?”

“அப்பவும் உண்டு. இது என்ன கேள்வி?”

“அதைத்தான் நானும் கேக்குறேன். இது என்ன கேள்வி?”

இரண்டு பக்கமும் ஒரே பதில் வந்தால் கேள்வியை எடுத்துவிடலாம். உங்கள் கம்பெனியில் இதைச் சின்னப் பையன்களுக்கே சொல்லிக்கொடுப்பார்கள். எங்களுக்கு இருபத்திரண்டு வருடம் பிடித்தது. சித்தப்பா காகிதத்தை மடித்தார். “கேட்டே பழகிப்போச்சு, ஆச்சி” என்றார். பிறகு அவருக்கு உண்மையாகவே இருந்த பயத்தைச் சொன்னார்: “ரெண்டு பங்குலயும் உண்டுன்னு ஆயிட்டா, ரெண்டு தடவை கேப்பானே?” உன் ஆத்தா குறுக்கிட்டார். “ஒரு கல்யாணந்தானே பண்ணப்போறான், சோமு” என்றார். அதோடு பங்காளிகள் கூட்டம் முடிந்தது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நானும் உன் ஆத்தாவும் மட்டும். பாதி வழியில் அவராகவே ஆரம்பித்தார். “நீ அதை எழுதாம விட்டது எதுக்குன்னு எனக்குத் தெரியும்.” அவரே தொடர்ந்தார். “நான் மட்டும் என்ன? வெள்ளிக்கெழமை அவனை உன் வீட்டுக்கு அனுப்புறப்ப எல்லாம், அங்க சாப்புடாத, இருட்டுறதுக்குள்ள வா, சின்னாத்தா அழுதா எங்கிட்ட வந்து சொல்லாதன்னு நாலு சொல்லித்தான் அனுப்புனேன். பாவம், பிள்ளை எத்தனையைத்தான் நெனப்புல வச்சிருக்கும்.” அதன் பிறகு செக்காலை வரும்வரை, உன் பெண்டாட்டியாகப் போகிறவளுக்கு எந்த நிறத்தில் புடவை எடுப்பது என்று சண்டை போட்டோம். நல்ல சண்டை. ஒரே ஆழத்தில் நடந்த சண்டை.

ஆகவே, முறைப்படி சொல்ல வேண்டிய புத்திமதி இவ்வளவுதான். நீயும் வரப்போகிறவளும், இரண்டு பேருமே புரோகிராம் எழுதுகிறவர்கள், புரியும். பிடிக்காததை வாசலிலேயே, ஒரே வரியில், காரணத்தோடு சொல்லிவிடுங்கள். ‘அவள் கோபமாக இருந்தால், நான் களைப்பாக இல்லாவிட்டால், அன்று ஞாயிறாக இருந்தால் கேட்கலாம்’ என்று மனத்துக்குள் படிகட்டிக்கொண்டு இறங்காதே. பன்னிரண்டாவது வருடத்தில் யாரோ அதில் விழுவார்கள். காலம் முடிந்த கண்டிஷன்களை வருடத்துக்கு ஒருமுறை எடுத்துப் போடுங்கள். யாராவது உன்னிடம் ‘நீ இந்த வீட்டைச் சேர்ந்தவன் இல்லை’ என்று சொன்னால், அது மிசினாக இருந்தாலும், பெற்றவளே எழுதிய மிசினாக இருந்தாலும், முதலில் பிழை என்று சந்தேகப்படு. பிறகு மண்டபம் பார்.

நேற்றுக் காலை, இந்தப் பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவையும் செய்யாத சோதனையைச் செய்தேன். இதுவரை உன் அண்ணன் பெயரைப் போட்டுப் பார்த்திருக்கிறேன், சித்தப்பா பெயரை, இல்லாத ஆட்களின் பெயர்களைக்கூடப் போட்டுப் பார்த்திருக்கிறேன். நேற்று உன் பெயரை இட்டேன். பழைய படிவத்தில் தகப்பனார் சம்மதம் என்று ஒரு கட்டம் இருந்தது; அதையும் எடுத்துவிட்டேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. ‘வீடு உங்களுக்கு உண்டு. சாவி பெரிய பங்கு ஆச்சியிடம் உள்ளது.’ உன் ஆத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். உடனே தூசி தட்ட ஆள் சொல்லவேண்டும் என்று எழுந்துவிட்டார்.

நான் உனக்காகப் பதிவு செய்யவில்லை. அது வெறும் சோதனைதான், அழித்துவிட்டேன். தை மாதத் தேதி இன்னும் காலியாக இருக்கிறது. மண்டபத்துக்காரருக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாமே. வீட்டை நீ ஒருமுறை கேட்டுவிட்டாய், அது தப்பாகப் பதில் சொல்லிவிட்டது. இன்னொரு முறை கேள். இந்த வெள்ளிக்கிழமை பரீட்சையோ காய்ச்சலோ எதுவும் இருக்க வேண்டியதில்லை. யார் கோபித்துக்கொண்டாலும் வரலாம்.

கீழே ஆத்தா என்று கையெழுத்துப் போடுவதா, சின்னாத்தா என்று போடுவதா என்று சற்று யோசித்தேன். இரண்டு பக்கமும் ஒரே பதில்தான் வருகிறது. அதனால் கேள்வியை எடுத்துவிட்டேன்.

உன்,
சின்னாத்தா